டெஸ்ட் போட்டி ‘டை’யில் முடிவதற்கான நிகழ்தகவை எப்படிக் கணக்கிடுவது?

“1986இல் சேப்பாக்கத்தில் நடந்ததைப் போல ஒரு டெஸ்ட் போட்டி ‘டை’யில் முடிவதற்கான நிகழ்தகவு என்ன? வெற்றி, தோல்வி, டிரா, டை என நான்கு முடிவுகள் இருப்பதால் நான்கில் ஒன்று எனலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்ல முடியாது. சம வாய்ப்புள்ள முடிவுகளுக்கு மட்டுமே அந்தக் கணக்கு பொருந்தும்; நாணயத்துக்கும் பகடைக்கும் அது சரி, ஐந்து நாள் ஆட்டத்துக்குச் சரியாகாது. (ஸ்கோர் சமமாக இருக்கும்போது கடைசியாக ஆடும் அணி ஆல் அவுட் ஆனால் டை; யாரும் வெல்லாமல் நேரம் முடிந்துவிட்டால் டிரா.)

புள்ளியியல் படித்தவன் என்ற முறையில் நானும் முதலில் வரலாற்றைத்தான் எண்ணிப் பார்த்தேன். 1877 முதல் 2,500க்கும் மேற்பட்ட டெஸ்ட் போட்டிகள் நடந்துள்ளன. அவற்றில் 1960 டிசம்பரில் பிரிஸ்பேனிலும் 1986 செப்டம்பரில் சென்னையிலுமாக இரண்டு போட்டிகளே டையில் முடிந்தன. (1996 புலவாயோ, 2011 மும்பை ஆட்டங்களில் ஸ்கோர் சமமாக இருந்தும் கடைசியாக ஆடிய அணிக்கு விக்கெட் மிச்சமிருந்ததால் அவை டிராவாகவே பதிவாயின.) ஆகவே ஏறத்தாழ 1,250 போட்டிகளுக்கு ஒன்று எனலாம். ஆனால் இரண்டே இரண்டு நிகழ்வுகளை நம்பிச் சொல்லும் எண் இது. அரிதான நிகழ்வுகளின் எண்ணிக்கைக்குப் பயன்படும் பாய்சான் பரவலைக் கொண்டு 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான எண் பெரும்பாலும் அடங்கியிருக்கும் எல்லைகளைக் கணித்தால், உண்மையான விகிதம் சுமார் 350இல் ஒன்றாகவும் இருக்கலாம், 10,000இல் ஒன்றாகவும் இருக்கலாம் என்று வருகிறது. இவ்வளவு அகலமான விடை எதற்கும் உதவாது.

எனக்குப் பிடித்த வழி வேறு. டை என்பது நான்காவது இன்னிங்ஸ் ஆடும் அணி பூஜ்ஜியம் ரன் வித்தியாசத்தில் ஆல் அவுட் ஆவதுதான் என்று கொண்டால், ஒரு ரன், இரண்டு ரன் தோல்விகளுக்கு அது அடுத்த வீட்டுக்காரன். அவற்றின் வாய்ப்புகள் ஒன்றுக்கொன்று பெரிதாக மாறுபடக் காரணமில்லை. ஒரு ரன் வெற்றிகள் இரண்டு (1993 அடிலெய்டு, 2023 வெலிங்டன்), இரண்டு ரன் வெற்றி ஒன்று (2005 எட்ஜ்பாஸ்டன்), மூன்று ரன் வெற்றிகள் இரண்டு (1902 மான்செஸ்டர், 1982 மெல்போர்ன்), நான்கு ரன் வெற்றி ஒன்று (2018 அபுதாபி). ஆக நான்கு வித்தியாசங்களுக்கு ஆறு போட்டிகள், சராசரி ஒன்றரை. டைகளும் ஏறக்குறைய ஒன்றரைதான் நடந்திருக்க வேண்டும், நடந்தவை இரண்டு. இந்த முறையில் நிகழ்தகவு சுமார் 1,700இல் ஒன்று. நம்பிக்கை இடைவெளியும் 760இல் ஒன்று முதல் 4,500இல் ஒன்று வரை என்று கணிசமாகக் குறுகிவிடுகிறது. ஒரு ரன் வெற்றியைவிட டை அதிசயமானதல்ல என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

பிரிஸ்பேனில் ஆடிய பாப் சிம்ப்சனே சென்னையில் ஆஸ்திரேலியப் பயிற்சியாளராக இருந்தார். இதற்கும் நிகழ்தகவு போட்டுப் பார்க்கச் சிலர் ஆசைப்படுவார்கள். நடந்து முடிந்த பிறகு தேடிக் கண்டெடுத்த ஒற்றுமைக்குப் போடும் கணக்கில் பொருளில்லை என்பது என் கருத்து.

கேள்வி எந்த நேரத்தில் கேட்கப்படுகிறது என்பதும் முக்கியம். சேப்பாக்கத்தில் இந்தியாவின் இலக்கு 348. கடைசி ஓவரில், ஒரே விக்கெட் மிச்சமிருக்க, நான்கு ரன் தேவைப்பட்டது. கிரெக் மேத்யூஸ் வீசிய அந்த ஓவரின் மூன்றாம் பந்தில் சாஸ்திரி ஒரு ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்தபோது, கடைசி ஆட்டக்காரர் மனிந்தர் சிங்குக்கு மூன்று பந்துகள் இருந்தன. ஒவ்வொரு பந்திலும் ரன் வர 25 விழுக்காடு, விக்கெட் விழ 10 விழுக்காடு, ஒன்றும் நடக்காமலிருக்க 65 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம் (இவை என் அனுமானங்களே). டைக்கான வாய்ப்பு 0.10 × (1 + 0.65 + 0.4225), அதாவது ஏறத்தாழ 21 விழுக்காடு. இந்திய வெற்றிக்கு 52, டிராவுக்கு 27. ஆட்டம் தொடங்கும் முன் 1,700இல் ஒன்றாக இருந்தது, மனிந்தர் நான்காம் பந்தைச் சந்திக்கத் தயாரானபோது ஐந்தில் ஒன்றாகியிருந்தது. அந்தப் பந்தைத் தடுத்தாடிய அவர், அடுத்த பந்தில் எல்பிடபிள்யூ ஆனார்.