24 அணிகள், ஒரே களம்: தகுதிச் சுற்றை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 24 பள்ளி ரோபோ அணிகளை ஒருங்கிணைக்கிறேன். இரண்டிரண்டு அணிகள் கூட்டணி சேர்ந்து, களத்தில் நான்கு ரோபோக்கள் ஆடும் போட்டி. எங்களிடம் இருப்பது ஒரே களம். தகுதிச் சுற்றை ஓசூரில் ஒரே நாளில் நடத்துகிறோம். அஞ்செட்டி, சித்தேரி போன்ற தூரத்து மலைப்பக்க ஊர்களின் அணிகள் வருவது குறைந்துகொண்டே போகிறது. வந்தாலும் தூக்கக் கலக்கத்தோடுதான் வருகிறார்கள். எப்படி மாற்றலாம்? (அறிவியல் ஆசிரியை, பென்னாகரம் வட்டம்)

பதில்: வணக்கம் டீச்சர். பயணப்படிக்கு ஏற்பாடு செய்வது, முந்தின இரவே வரவழைத்துத் தங்க வைப்பது என்றுதான் பலரும் முதலில் யோசிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 24 அணிகளையும் நகர்த்துவதைவிட ஒரு களத்தை நகர்த்துவது சுலபம். இந்த வகைக் களம் 12 அடிக்கு 12 அடி. இரண்டடிச் சதுர நுரை விரிப்புகள் 36, சுற்றுச் சட்டங்கள், ஆட்டப் பொருட்கள், அவ்வளவுதான். எல்லாம் ஒரு குட்டியானை வண்டியில் அடங்கிவிடும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஆட்டம் இரண்டரை நிமிடம்தான். ஆனால் ரோபோக்களை வைத்து, ஆடி முடித்து, புள்ளி எண்ணி, களத்தை மறுபடி அடுக்க எப்படியும் எட்டு நிமிடம் ஆகும். 24 அணிகளுக்கும் ஆளுக்கு ஐந்து ஆட்டம் என்றால் மொத்தம் 30 ஆட்டங்கள், நான்கு மணி நேரம். ரோபோ சோதனை, வரவேற்புரை, சாப்பாடு, அரையிறுதி எல்லாம் சேர்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். அதுவே எட்டு அணிகள் மட்டும் கூடினால்? ஆளுக்கு ஆறு ஆட்டம் கொடுத்தாலும் மொத்தம் 12தான். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். பதினோரு மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குள் முடித்துவிடலாம். பிள்ளைகள் காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டே பஸ் ஏறலாம்.

இப்படிச் சிறு சிறு சந்திப்புகளாகப் பிரிப்பது புது யோசனை இல்லை. ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற சர்வதேசப் பள்ளி ரோபோ போட்டியில் லீக் முறை என்று பல ஆண்டுகளாக இருக்கிறது. பல சந்திப்புகளில் ஆடிய ஆட்டங்களிலிருந்து சிறந்த பத்தை எடுத்துக்கொண்டு லீக்கின் நிறைவுப் போட்டிக்குப் போவார்கள். அதைவிடப் பெரிய ரோபோக்கள் ஆடும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 2009இல் மாவட்ட முறைக்கு மாறியது. பெரிய அரங்கில் ஒரே போட்டி என்பதற்குப் பதிலாக, பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களில் ஆளுக்கு இரண்டு போட்டிகள், புள்ளிகளைக் கூட்டி மாநில இறுதி. அங்கே ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஓர் அணி மூன்றாவது போட்டிக்கும் போகலாம், ஆனால் முதல் இரண்டின் புள்ளிகள் மட்டும்தான் சேரும். வண்டி வசதி உள்ள பள்ளி கூடுதலாக ஆடிப் புள்ளி சேர்க்க முடியாது. இந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் ஊர்க் கணக்கு. முதல் சுற்றுக்கு மூன்று மையங்கள் போதும். ஆனால் ஓசூர் வேண்டாம், தேன்கனிக்கோட்டையில் வையுங்கள். ஓசூர்ப் பிள்ளைகளுக்குப் பஸ்ஸுக்குக் குறைவில்லை, அவர்கள் வந்துவிடுவார்கள். அஞ்செட்டிக்கு அது பாதி வழியை மிச்சமாக்கும். தேன்கனிக்கோட்டை அஞ்செட்டி சாலையில் சாயங்காலமானால் யானை நடமாட்டம் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். அதனால் மதியம் இரண்டு மணிக்குள் அந்தப் பிள்ளைகள் திரும்பிக் கிளம்பியாக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இரண்டாவது மையம் கிருஷ்ணகிரி, மூன்றாவது அரூர். மாவட்ட எல்லையைப் பார்த்து அணிகளைப் பிரிக்காதீர்கள். ஊத்தங்கரை கிருஷ்ணகிரி மாவட்டம்தான், ஆனால் அரூருக்குப் போவதே அவர்களுக்குச் சுலபம். சித்தேரியிலிருந்து இறங்குகிறவர்களுக்கும் அரூர்தான் வாசல். உங்கள் பென்னாகரம் பக்கத்துக்கு மட்டும் அரூர் தூரம்தான், மறைக்கவில்லை. அதை ஈடுகட்டத்தான் இரண்டாம் சுற்றைத் தருமபுரி, கிருஷ்ணகிரி என இரண்டு இடங்களில் வைக்கச் சொல்கிறேன். ஓர் இடத்துக்கு 12 அணிகள், 18 ஆட்டங்கள், இரண்டரை மணி நேரம்.

இரண்டாம் சுற்றில் மூன்று மையத்து அணிகளையும் கலந்துவிட வேண்டும், மையத்துக்கு நான்கு நான்காக. இது ஏன் முக்கியம் என்றால், கூட்டணி ஆட்டத்தில் எதிரில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் வெற்றி. பலமான எட்டு அணிகள் தங்களுக்குள் மோதிக்கொண்டே இருந்தால் எல்லோருக்கும் புள்ளி குறையும். சுமாரான எட்டுக்குள் ஓர் அணி எளிதாக மேலே வந்துவிடும். கலக்காமல் விட்டால் முதல் ஆண்டிலேயே சண்டை வரும். இரண்டு சுற்றின் 12 ஆட்டங்களில் சிறந்த பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறுதிக்கு 12 அணிகள்: மையத்துக்கு ஒரு முதலிடம் உறுதி, மற்ற ஒன்பதும் புள்ளி வரிசைப்படி.

பஸ் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், இரண்டு சுற்று வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டியில் நடுவராக இருந்தேன். மலையோர ஊர் ஒன்றிலிருந்து வந்த அணி, ரோபோவைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து மடியிலேயே தாங்கிக் கொண்டுவந்திருந்தது. முதல் ஆட்டத்தில் வலது சக்கரம் சுற்றவில்லை. மோட்டார் ஓடுகிறது, சக்கரம் நிற்கிறது. அச்சைப் பிடித்திருக்கும் பொடித் திருகாணி பஸ் குலுக்கலில் தளர்ந்திருந்தது. அவர்கள் அதைக் கண்டுபிடித்து முடுக்குவதற்குள் மூன்று ஆட்டம் போய்விட்டது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "சார், இன்னொரு தடவை விட்டா சரியா ஓடும்" என்றாள். அவள் சொன்னது உண்மை. ஆனால் இன்னொரு தடவை என்பது அடுத்த வருஷம்தான். அதற்குள் அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விடுவாள். அந்த அணி மறு வருஷம் வரவே இல்லை. ஆறேழு வாரம் கழித்து இன்னொரு சுற்று இருந்திருந்தால், திருகாணியில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் தடவி முடுக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். தளராமல் பிடிக்க அதுவே போதும்.

செலவும் ஆளும் பற்றிக் கேட்பீர்கள். ஒரு முழு நாளுக்குப் பதில் ஐந்து சனிக்கிழமைகள், ஒவ்வொன்றும் அரை நாள். சுமைதான். தலைமை நடுவர்கள் இருவர் மட்டும் எல்லா இடத்துக்கும் களத்தோடு பயணம் செய்யட்டும். ஆளுக்கு ஆள் விசில் மாறினால் புள்ளியும் மாறும். மற்ற வேலைகளுக்கு அந்தந்த ஊர் ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்கள் போதும். கிருஷ்ணகிரி மையத்துக்குப் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். மேடை, ஷீல்டு, சிறப்பு விருந்தினர் எல்லாம் இறுதிக்கு மட்டும்.

அணிகளை நேர்காணல் செய்வதை இரண்டாம் சுற்றில் நேரிலேயே வையுங்கள், வீடியோ அழைப்பு வேண்டாம். மலைப்பக்கத்தில் சிக்னல் கிடைக்காமல் ஒரு பிள்ளையின் பேச்சு பாதியில் அறுந்தால் அது நியாயமான மதிப்பெண் ஆகாது. தளி, தேன்கனிக்கோட்டைப் பிள்ளைகளில் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் நிறைய. அவர்கள் தங்கள் மொழியிலேயே ரோபோவை விளக்கட்டும், அந்த மொழி தெரிந்த ஒருவரை நடுவர் குழுவில் சேருங்கள்.

தேதிகள்: முதல் சுற்று ஆகஸ்டில், காலாண்டுத் தேர்வுக்கு முன். இரண்டாம் சுற்று அக்டோபரில், தீபாவளி வாரத்தைத் தவிர்த்து. இறுதி, பொங்கல் முடிந்து ஜனவரியில். மழையால் ஓர் அணி தன் மையத்துக்கு வர முடியாமல் போனால், அடுத்த வாரம் வேறு மையத்தில் ஆட விடுங்கள். அதை இப்போதே விதியாக எழுதிவிட்டால் அப்போது வாக்குவாதம் இருக்காது.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். 24 அணிப் பொறுப்பாசிரியர்களுக்கும் போன் போட்டு, தூரத்தைக் கேட்காமல், அவர்கள் ஊரில் காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கும் நேரத்தை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யலாம். அப்புறம், நுரை விரிப்புகள் 36க்கும் பின்பக்கம் மார்க்கரால் எண் போட்டுவிடுங்கள். பழசும் புதுசும் இடம் மாறி விரித்தால் சக்கரத்தின் பிடிமானம் மாறும். தேன்கனிக்கோட்டையில் விரித்த அதே வரிசையில் அரூரிலும் விரிக்க வேண்டும்.