பழைய ஆம்ப்ளிஃபயருக்கு புளூடூத்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1980களில் அப்பா வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கரும் வீட்டில் இருக்கின்றன. டேப் டெக் போய்விட்டது, மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது. செல்போன் பாட்டை இதில் கேட்க முடியுமா? எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு சவுண்டு பார் வாங்கலாம் என்கிறான் மகன். (வாசகர், திருச்சி)

பதில்: எடைக்குப் போட்டுவிடாதீர்கள் சார். பெரிய மரப்பெட்டி என்கிறீர்கள், எப்படியும் எட்டு அங்குல ஊஃபர், அதாவது பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர், இருக்கும். சவுண்டு பாருக்குள் இருக்கும் இரண்டு, மூன்று அங்குல ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி நாதம் அந்த அளவுக்கு நிறைந்து வராது. ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் இரண்டும்தான் செலவு பிடிக்கிற சாமான், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பாட்டை உள்ளே அனுப்பும் வழி மட்டும்தான் வேண்டும். அதற்கு ஒரு புளூடூத் ரிசீவர் போதும், உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பெட்டி.

வாங்குவதற்கு முன்னால் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி, டார்ச் அடித்து பின்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ சாக்கெட்டுகள் இருந்தால் வேலை சுலபம். ‘ஆக்ஸ்’, ‘டியூனர்’, ‘சிடி’, ‘டேப் பிளே’ இவற்றில் எதில் வேண்டுமானாலும் ரிசீவரைச் செருகலாம். ‘டேப் ரெக்’ என்றிருப்பதில் செருகினால் சத்தம் வராது, அது வெளியே போகிற பாதை. டேப்பில் செருகினால் முன்பக்கம் ‘டேப் மானிட்டர்’ பட்டனை அழுத்த வேண்டும், இதை அழுத்தாமலேயே ரிசீவர் கெட்டுப்போச்சு என்று கடைக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் நிறைய.

அந்தக் காலத்து செட்டுகள் பலவற்றில் ஆர்சிஏ இருக்காது, வட்டமாக ஐந்து ஓட்டையோடு டின் சாக்கெட் இருக்கும். அதற்கும் கேபிள் கிடைக்கிறது, சென்னைப் பக்கம் வந்தால் ரிச்சி தெருவில் கேளுங்கள். ஆனால் எல்லா டின் கேபிளும் ஒன்றில்லை. டேப் சாக்கெட்டில் 3ஆம் ஊசி இடது சேனல், 5ஆம் ஊசி வலது, நடுவில் இருக்கும் 2 கிரவுண்டு. 1, 4 இரண்டும் ரெக்கார்டிங்குக்குப் போகிறவை. கடைக்காரரிடம் “3, 5ல் இணைந்த கேபிள்” என்று சொல்லி, மீட்டர் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

ரிசீவரில் ரொம்ப மேலே போக வேண்டாம். பெட்டிமேல் எழுதியிருக்கும் கோடெக் (பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) பெயர்களில் எஸ்பிசி எல்லா புளூடூத் ஆடியோ சாதனத்திலும் இருந்தே ஆக வேண்டியது. ஐபோன் என்றால் ஏஏசி இருப்பதாகப் பாருங்கள். எல்டேக் என்ற கோடெக் நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும் என்பது உண்மைதான், ஐபோனில் அது கிடையாது, ஆண்ட்ராய்டிலும் போன், ரிசீவர் இரண்டிலும் இருந்தால்தான் பலன். அந்தக் காசை வைத்து முதலில் ஊஃபரின் ஓரத்தில் இருக்கும் ஃபோம் வளையத்தை விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்து, உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள். காதுக்குத் தெரிகிற வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

மாட்டிய பிறகு போனில் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு, கூட்டுவது குறைப்பது எல்லாம் ஆம்ப்ளிஃபயரிலேயே செய்யுங்கள். போனில் குறைத்து ஆம்ப்ளிஃபயரில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

கேள்வி: ரிசீவர் வாங்கி மாட்டினேன். பாட்டு வருகிறது, ஆனால் சவுண்டு உடைகிறது, பேஸ் குமுறுகிறது, பாடகர் குரல் அமுங்கிக் கிடக்கிறது. எங்கே தப்பு? (வாசகி, மதுரை)

பதில்: ‘ஃபோனோ’ என்று எழுதிய சாக்கெட்டில் செருகியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது அம்மா. போன் என்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை, அது இசைத்தட்டு பிளேயருக்கானது. தட்டின் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், அதனால் அந்தப் பாதை பல மடங்கு பெருக்கும். தட்டில் பதிக்கும்போதே பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டித்தான் பதிப்பார்கள், ஃபோனோ பாதை அதைத் திருப்பிப் போட்டு பேஸை ஏற்றி ட்ரெபிளை இறக்கும். ஏற்கெனவே சரியாக இருக்கும் பாட்டை அதில் விட்டால் நீங்கள் சொல்கிற மாதிரியேதான் கேட்கும். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு ‘ஆக்ஸ்’க்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: பாட்டுக்கு நடுவே அமைதி வந்தால் ‘உர்ர்’ என்று ஒரு சத்தம். (வாசகர், ஈரோடு)

பதில்: ரிசீவரை சார்ஜரில் இருந்து கழற்றி பவர் பேங்கில் போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் சார்ஜரோ கிரவுண்டு வழியோதான் காரணம், வேறு நல்ல சார்ஜர் போடுங்கள், அதிலும் நிற்காவிட்டால் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்று கேட்டு வாங்கி நடுவில் மாட்டுங்கள். பவர் பேங்கிலும் அதே சத்தம் என்றால் கேபிளை மாற்றுங்கள், ரிசீவரை ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கமிருந்து தள்ளி வையுங்கள். ரிசீவரைக் கழற்றியே வைத்தாலும் சத்தம் வருகிறதா? அப்படியானால் ஆம்ப்ளிஃபயருக்குள் பவர் சப்ளை கண்டென்சர் காய்ந்துபோயிருக்கும், மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் வால்வு ரேடியோ இருக்கிறது. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு ஒரு புளூடூத் போர்டு வைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வைக்கலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: வேண்டாம். கழற்றிய வால்வு செட்டை மறுபடி சேர்ப்பவர்கள் இன்று மிகக் குறைவு. பிறகு பேரன் கேட்டால் காட்ட வெறும் மரக்கூடுதான் மிஞ்சும். அந்த செட்டுகள் பலவற்றில் கிராமஃபோனுக்கென்று பின்னால் ‘பியூ’ என்று ஒரு சாக்கெட் இருக்கும், ரிசீவரை அதிலேயே இணைக்கலாம்.

ஆனால் இதைக் கவனமாகப் படியுங்கள். சில வால்வு ரேடியோக்கள் ஏசி, டிசி இரண்டிலும் ஓடும்படி செய்தவை. அவற்றில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, கரண்ட் ஒயரில் ஒன்று நேராகச் சேசிஸிலேயே, அதாவது உள்ளே இருக்கும் உலோகத் தட்டிலேயே, சேர்ந்திருக்கும். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸில் 230 வோல்ட் நிற்கும். அதில் ரிசீவரை மாட்டினால் அதன் கேபிளைத் தொடுகிறவருக்கு உயிராபத்து, ரிசீவரை பேட்டரியில் ஓட்டினாலும் இது மாறாது. பின் அட்டையில் ‘ஏசி/டிசி’ என்று இருந்தால் நீங்களாக எதையும் இணைக்காதீர்கள், வால்வு செட் தெரிந்த மெக்கானிக் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பிறகுதான்.

ஏசி மட்டும் என்றாலும், பல வருடம் ஓடாத செட்டை நேராக கரண்டில் போடக் கூடாது, பழைய பேப்பர் கண்டென்சர்களை மாற்றிய பிறகு போடுங்கள். செட் மோனோ, ரிசீவர் ஸ்டீரியோ என்பதால் இடது, வலது ஒயர்களை அப்படியே முறுக்கிச் சேர்க்கக் கூடாது. இரண்டிலும் தலா ஒரு கிலோஓம் ரெசிஸ்டர் வைத்து அப்புறம் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டிவி சத்தத்தையும் இதே ரிசீவர் வழியாகக் கேட்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: கேட்கலாம், ஆனால் உதடு முன்னே போகும், பேச்சு பின்னே வரும். புளூடூத்தில் இந்தத் தாமதம் இருக்கத்தான் செய்யும். டிவி ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஒயரே மேல். ஹெட்போன் சாக்கெட் இல்லாத டிவியில் பெரும்பாலும் ஆப்டிக்கல் அவுட் இருக்கும், அதற்கு ஒரு சின்ன டேக் கன்வெர்ட்டர் (டிஜிட்டல் சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற அனலாக்காக மாற்றும் பெட்டி) வாங்கி, டிவி செட்டிங்கில் ஆடியோவை ‘பிசிஎம்’ என்று மாற்றிவிடுங்கள். டால்பியில் விட்டால் அந்தக் கன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் சத்தமே வராது.