ஐம்பது தாண்டி மறுபடி வெயிட் தூக்கலாமா? தூக்கலாம், ஆனால் ஐந்தாவது வாரத்தில் கவனம்

52 வயது, 15 வருடமாக ஜிம் பக்கமே போகவில்லை, பழைய எடையில் பாதியில் தொடங்கினால் பிரச்சினை இல்லைதானே என்று கேட்டிருக்கிறீங்க. அந்தப் "பாதி"யைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் மாட்டினதும் அதிலேதான்.

எனக்கு 57, ஊர் மட்டக்களப்புக் கல்லடி. இருபது வயதில் எங்கள் பின்வளவில் மூன்று பேர் சேர்ந்து ஜிம் வைத்திருந்தோம். ஜிம் என்றால் ஒரு ஜீ.ஐ. பைப், இரண்டு பக்கமும் பெயின்ட் வாளியில் சீமெந்து ஊற்றி இறுகவிட்டது, அவ்வளவுதான். வலப்பக்க வாளியில் சீமெந்து கூடிப்போனதால் பார் எப்பவும் அந்தப் பக்கம் சாயும், அதைச் சரிக்கட்ட இடப்பக்கத்தில் ஒரு செங்கல்லைக் கயிற்றால் கட்டியிருந்தோம். அப்புறம் டவுனில் உண்மையான ஜிம்மில் சேர்ந்து பெஞ்சில் படுத்து பாரை மேலே தள்ளுவதில் 100 கிலோ வரை அடித்திருக்கிறேன். ஏன் விட்டேன் என்றால், சண்டை, சுனாமி என்று எங்கள் ஊரில் எல்லாரிடமும் ஒரு காரணம் தயாராக இருக்கும். நான் பொய் சொல்ல விரும்பவில்லை. கல்யாணம் கட்டினேன், வேலை மாறியது, சோம்பல் பிடித்தது. 2004இல் சுனாமி வந்தபோது அந்தப் பைப் ஏற்கனவே இரண்டு வருடமாகக் கறள் பிடித்து மதிலோடு சாய்ந்து கிடந்தது.

55இல் சீனி தொடங்குகிறது என்று சொல்லி டொக்டர் நடக்கச் சொன்னார். காலையில் பழைய கல்லடிப் பாலத்தில் போய் வருவேன். சீனி கொஞ்சம் இறங்கியது, நானும் உடம்பு திரும்பிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காஸ் சிலிண்டரை வாசற்படியில் ஏற்றப் போனேன், ஏலவில்லை. கொண்டுவந்த பொடியன் "தள்ளுங்க ஐயா" என்று சொல்லி ஒற்றைக் கையால் தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் போனான். அந்த "ஐயா" இரண்டு நாள் காதுக்குள்ளேயே நின்றது. மூன்றாம் நாள் ஜிம்.

அங்கே சொல்லிக்கொடுக்கிற தம்பிக்கு என் மகன் வயதுகூட இல்லை. "அங்கிள், ஒரு மாதத்துக்கு வெறும் பார் மட்டும்" என்றான். 20 கிலோ. எனக்கு வெட்கமாகிவிட்டது, நான் யார் என்று இவனுக்குத் தெரியாது என்று ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 40, ஐந்தாம் வாரம் 60. சத்தியமாகக் கஷ்டமே இல்லை. சட்டைக் கை இறுகத் தொடங்கியது, கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற நேரமும் கூடியது. ஆறாம் வாரம் 65 போட்டேன். மூன்றாவது தடவை மேலே தள்ளும்போது வலது தோளின் முன்பக்கம் சுள்ளென்றது. பெரிய வலியில்லை, பாரை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் கிணற்றடியில் வாளியைத் தலைக்கு மேலே உயர்த்த முடியவில்லை, இடது கையால் ஊற்ற பாதித் தண்ணீர் முதுகுக்கு வராமல் மண்ணுக்குப் போகிறது. சட்டை போட்டுவிட்டது மனுசி. மூன்று மாதம் அப்படித்தான் போனது.

பிறகுதான் விசயம் விளங்கியது. ஒருகாலத்தில் நன்றாகப் பழகின தசை சீக்கிரம் திரும்பி வரும். பயிற்சியில் தசை நாருக்குள் கூடின உட்கருக்கள், பயிற்சியை விட்ட பிறகும் நெடுநாள் தங்கிவிடுகின்றன என்பது ஆய்வாளர்கள் இதற்குச் சொல்கிற ஒரு விளக்கம். ஆனால் தசையை எலும்போடு பிடித்து வைத்திருக்கிற தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அது தன் பாட்டில் மாதக்கணக்கில்தான் பலப்படும். அதனால் முதல் வாரம் ஆபத்தில்லை, அப்போது எல்லாரும் பயந்து பயந்துதான் தூக்குவோம். எல்லாம் லேசாகத் தெரிகிற ஐந்தாம் ஆறாம் வாரம்தான் ஆபத்து.

ஆகவே பாதியும் வேண்டாம், வெறும் பாரில் தொடங்குங்க. லேசாக இருந்தாலும் ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் 2.5 கிலோவுக்கு மேல் கூட்டாதீங்க. இன்னும் இரண்டு மூன்று தடவை தூக்கலாம் என்று இருக்கும்போதே நிறுத்துங்க. வாரத்தில் இரண்டு மூன்று நாள் காணும், உலகச் சுகாதார நிறுவனமே குறைந்தது இரண்டு நாள் என்றுதான் சொல்கிறது. மூச்சை அடக்கித் தூக்காதீங்க, பிரஷர் ஏறும். இன்சுலினோ சீனிக் குளிசையோ எடுக்கிறவர் என்றால் முதலில் டொக்டரிடம் கேளுங்க, சீனி திடீரென்று இறங்கலாம். "எங்கள் பெரியப்பா 60 வயதில் முதல் மாதமே 80 அடித்தார்" என்று கீழே யாரோ எழுதப் போகிறீங்க, தெரியும். அடிக்கட்டும், என் தோளைப் பற்றித்தான் நான் சொல்கிறேன்.

சாப்பாட்டில் பெரிய வித்தை இல்லை. இரவுக்குப் புட்டு மட்டும் என்றிருந்ததை மாற்றி இரண்டு முட்டை, மீன், அவித்த பயறு, பின்னேரம் ஒரு பிடி கச்சான். புரோட்டீன் மாவு டப்பா வாங்கவில்லை, விலை அப்படி. போன ஆகஸ்டில் கனடாவிலிருந்து வந்த மச்சான், அதாவது மனுசியின் தம்பி, ஒரு பெரிய புரோட்டீன் டப்பா தந்தார். நானும் சந்தோசமாக வாங்கித் திறந்தால் பாதிதான் இருக்கிறது, அடியில் பார்த்தால் திகதி முடிந்து ஏழு மாதம். இந்த மனிசனின் வளவை ஒன்பது வருடமாக நான் பார்க்கிறேன். மழைக்குப் பற்றை வளர்ந்து டெங்கு நோட்டீஸ் ஒட்டினால் ஓடுவது நான், வேலி சரிந்தால் ஆள் பிடிப்பது நான், கணக்கு அனுப்பினால் "அத்தான், போன தடவையைவிடக் கூடவா இருக்கே" என்று குரல் செய்தி வரும். மனுசி இதை வாசிக்க மாட்டா என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சரி. இரண்டாவது தடவை தொடங்கி பதினாலு மாதம் ஆகிறது. நேற்று பெஞ்சில் 52.5 கிலோ, எட்டுத் தடவை. தோள் சத்தம் போடவில்லை. காஸ் சிலிண்டரையும் நானே படியேற்றுகிறேன், இப்போது வருகிறவன் வேறு பொடியன், அவனுக்குப் பழைய கதை தெரியாது.

உங்களுக்குப் பழைய காயம் ஏதும் இருந்தால் எழுதுங்க, பின்னேரம் பார்க்கிறேன். இப்போது மச்சானின் வளவுக்குப் புல் வெட்ட மெஷினோடு ஆள் வந்து வாசலில் நிற்கிறான்.