பல்கலைக்கழகங்களால் வன்னிக்கு ஒரு பொது அடையாளம் உருவாகுமா?

வட இலங்கையில், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே இருக்கிற வன்னியில் நான் வவுனியாக்காரன். உருவாகலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எங்களுக்கு வாய்த்த கம்பஸ்கள் அந்த வேலைக்காகத் தொடங்கப்பட்டவை அல்ல.

1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த வவுனியா கம்பஸ், 2021 ஓகஸ்டில்தான் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. அப்போது இருந்தவை பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பவியல் என மூன்று பீடங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. கணினி, கணக்கு, மண், இயந்திரம் எல்லாம் படிக்கலாம். வரலாறு படிக்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், வன்னியான் யார் என்பதே இங்கே லேசில் தீராத கேள்வி. குளத்தை நம்பித் தலைமுறைகளாக இருக்கும் ஊர்க்காரர் ஒரு பக்கம். குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களை இன்றைக்கும் சிலர் காதுபடவே 'தோட்டக்காட்டார்' என்பார்கள். 1990இல் மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, பிறகு திரும்பி வந்த முஸ்லிம்களும் இருக்கிறார்கள். வவுனியா தெற்கில் சிங்களவர்கள். வெள்ளைக்காரரை எதிர்த்துப் போரிட்ட வன்னி மன்னன் பண்டாரவன்னியனுக்கு வவுனியா நகரில் சிலை வைத்திருக்கிறோம், சரி. ஆனால் அந்த ஒரு சிலைக்குள் இத்தனை பேரும் அடங்குவார்களா?

நான் கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். முல்லைத்தீவுப் பெடியனும் மன்னார்ப் பிள்ளைகளும் எனக்குப் பழக்கமானது அங்கேதான். ஊரில் இருந்திருந்தால் சந்தித்தே இருக்க மாட்டோம். 'வன்னியோ?' என்று மற்றவர்கள் ஒரு மாதிரி இழுத்துக் கேட்கக் கேட்க, நாங்கள் தானாகவே ஒரு கூட்டமானோம். அடையாளம் பெரும்பாலும் இப்படித்தான், வெளியே போன இடத்தில் முளைக்கிறது. விரிவுரைக்கு அதில் பெரிய பங்கு கிடையாது.

ஆனால் அந்தக் கூட்டம் பட்டம் வாங்கியதும் கலைந்துவிடும். நிலைக்க வேண்டுமென்றால் பதிவு வேண்டும், அதற்கு வன்னியிலேயே ஒரு கலைப்பீடம் வேண்டும். முல்லைத்தீவுக் கோவலன் கூத்து, குளங்களின் பழைய பராமரிப்பு முறை என்று சேகரிக்க எவ்வளவோ இருக்கிறது. என்னைக் கேட்டால் முதலில் மலையகத்திலிருந்து வந்தவர்களின் கதையைத்தான் ஒலிப்பதிவு செய்யச் சொல்வேன். 1977இல் கைக்குழந்தையோடு வந்து இறங்கிய அம்மாக்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது.