மோட்டாரைத் தூக்குங்கள், மூலையைத் தொடாதீர்கள்

பட்டறைக் கேள்வி – பதில்

ஐயா, எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் பசுந்தேயிலை வாட்டும் நீளத் தொட்டியின் (டிரஃப்) ஃபேன் நிற்கிற இரும்புச் சட்டத்தில், வெல்டிங் ஓரமாக விரிசல் விடுகிறது. மழைக்காலத்தில் ஃபேன் விடிய விடிய ஓடுகிறது. முப்பரிமாண மாடலைச் சிமுலேஷனில் ஏற்றினால் மெஷ் (மாடலைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் வலை) போடும்போதே நின்றுவிடுகிறது. தப்பித்தவறி மெஷ் விழுந்தாலும் லேப்டாப் திணறுகிறது. எதையெல்லாம் நீக்கலாம்?
– பராமரிப்புப் பொறியாளர், கோத்தகிரி

அனுப்பிய ஃபைலைத் திறந்து பார்த்தேன். சட்டம் எளிமையான வேலைதான்: 6 மி.மீ. தகடுகள், நான்கு கால்கள். அதன்மேல் மோட்டார் விற்றவர் கொடுத்த மாடலை அப்படியே உட்காரவைத்துவிட்டீர்கள். குளிர்விக்கும் துடுப்புகள், போல்ட்டின் மரை, பெயர்த் தகட்டில் புடைத்திருக்கும் எழுத்துகள் என ஒன்றும் பாக்கியில்லை. சட்டத்துக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மெஷ் போடும் மென்பொருளோ ஒவ்வோர் எழுத்தின் வளைவுக்கும் பொடிப்பொடியான எலிமென்ட்களை, அதாவது மெஷ் துண்டுகளை, கொட்டிக்கொண்டிருக்கும். எலிமென்டின் அளவைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்காகும். லேப்டாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

எதை நீக்கலாம் என்பதற்கு முன், அந்த மாடலிடம் என்ன கேட்கப்போகிறீர்கள்? உங்களிடம் இருப்பவை இரண்டு கேள்விகள். சட்டம் ஏன் அதிர்கிறது? அந்த மூலை ஏன் விரிகிறது? ஒன்றுக்கு வேண்டாதது மற்றொன்றுக்கு உயிராக இருக்கும்.

அதிர்வை முதலில் பாருங்கள். மோட்டாரையும் ஃபேனையும் முழுவதுமாகத் தூக்கிவிடுங்கள். அவற்றின் எடையை ஒரே புள்ளியில், ஈர்ப்பு மையம் இருக்கும் உயரத்தில் வைத்து, நான்கு போல்ட் துளைகளோடு இணையுங்கள். உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எடை மேலே இருப்பதால்தான் சட்டம் ஆடுகிறது. தகடுகளைத் திண்மமாக மெஷ் போடாமல், தடிமனின் நடுப்பரப்பை மட்டும் எடுத்து ‘ஷெல்’ எலிமென்ட் போடுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. நடுப்பரப்பு எடுத்ததும், ஒட்டியிருந்த தகடுகளுக்கு நடுவே பாதித் தடிமன் அளவுக்கு, அதாவது 3 மி.மீ. இடைவெளி விழும். கண்ணுக்குத் தெரியாது. அதை நீட்டி ஒட்டாவிட்டால் வெல்டிங்கே இல்லாத சட்டத்தைத்தான் கணக்கிடுவீர்கள். கால்களைத் தரையில் பொருத்திய பிறகும் முதல் அதிர்வெண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால், ஏதோ ஒரு தகடு அந்தரத்தில் தொங்குகிறது என்று அர்த்தம்.

உங்களுடையது நான்கு துருவ மோட்டார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், சுமையோடு நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று. நொடிக்கு 24. சட்டத்தின் இயல்பதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது) இந்த 24-க்கு அருகில் இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. ஆனால் இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கிறதே என்று சட்டத்தைப் பாதியாக வெட்டி, சமச்சீர் நிபந்தனை கொடுத்துக் கணக்கிடாதீர்கள். நிலையான சுமைக்கு அது நல்ல சிக்கனம். அதிர்விலோ இரு பக்கமும் எதிரெதிராக ஆடும் வடிவங்கள் எல்லாம் காணாமல் போய்விடும். உங்களுடைய வில்லன் அவற்றில் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

இனி விரிசல். வெளி விளிம்புகளின் ஃபில்லட் (மூலையை மழுக்கிய வளைவு), ஒயர் கிளிப் துளைகள், தூக்குவதற்கான கொக்கி எல்லாம் போகட்டும். வெல்டிங் முடியும் இடத்தில் தகட்டில் வெட்டிய உள்மூலையை மட்டும் உண்மையான ஆரத்தோடு வைத்துக்கொண்டு, அங்கே மெஷ்ஷை நெருக்குங்கள். அதைக் கூர்மூலையாக்கினால், மெஷ்ஷைப் பொடியாக்க ஆக்கத் தகைவு (ஸ்ட்ரெஸ்) ஏறிக்கொண்டே போகும், நிற்கவே நிற்காது. வெல்டிங் விளிம்பிலேயே வரும் எண்ணையும் நம்பாதீர்கள். விளிம்பிலிருந்து 2.4 மி.மீ., 6 மி.மீ. தூரங்களில், அதாவது தடிமனில் 0.4 பங்கிலும் முழுப் பங்கிலும், தகைவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணை 1.67-ஆல் பெருக்கி, அதிலிருந்து இரண்டாவதன் 0.67 பங்கைக் கழித்தால் விளிம்புக்குப் பொருந்தும் மதிப்பு வரும்.

அதுவரை விரிசல்மேல் இன்னொரு தகட்டை ஒட்டி வெல்டிங் வைக்கச் சொல்லி யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். இப்போது அதிர்வெண் 24-க்குக் கீழே இருந்தால், விறைப்பைக் கூட்டுவது அதை நேராக 24-க்கே கொண்டுபோய் நிறுத்தலாம்.

கல்லாறு – குன்னூர் மலை ரயில் பாதையின் பற்சட்டத்தை ஒரு மீட்டர் நீளத்துக்கு மாடல் செய்திருக்கிறேன். பாதி மாடல் போதுமா?
– இயந்திரவியல் மாணவி, குன்னூர்

போதாது. அது ஆப்ட் முறை. இரண்டு பற்சட்டங்கள் பக்கம்பக்கமாக, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி நகர்ந்து நிற்கின்றன. கண்ணாடிச் சமச்சீர் அங்கே இல்லை. குறைக்க வேண்டியது நீளத்தை. சுமை தாங்கும் பல்லும் இருபுறமும் இரண்டிரண்டு பற்களும் இருந்தால் தொடங்கலாம். சுமை விழும் விதத்தின் நுணுக்கம் சற்றுத் தள்ளிப் போனால் மங்கிவிடும் என்று செயின்ட் வெனான் 1855-இல் சொன்ன கோட்பாடு உங்கள் பக்கம் இருக்கிறது. இன்னும் ஒரு பல் கூட்டிப் பார்த்து விடை மாறாவிட்டால் சரி. பல்லடி வளைவை மட்டும் நீக்கிவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் இலவச மென்பொருள் உண்டா?
– வாசகர், ஊட்டி

உண்டு. ஃப்ரீகேட் என்ற மாடல் வரையும் மென்பொருளின் ‘பார்ட்’ பகுதியில் ‘டிஃபீச்சரிங்’ என்ற கட்டளை இருக்கிறது. துளை, ஃபில்லட் ஆகியவற்றின் பரப்புகளைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால், அவற்றை எடுத்துவிட்டு மிச்சத்தை மூடிக் கொடுக்கும். மெஷ்ஷுக்கு ஜிமெஷ், கணக்குக்குக் கால்குலிக்ஸ். மூன்றும் சாதாரண லேப்டாப்பில் ஓடும், பெயர்த் தகட்டின் எழுத்துகளை ஏற்றாதவரை.