கங்கைகொண்ட சோழபுரம்: கோயிலோடு திரும்பிவிடாதீர்கள்

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்கள் இந்தப் பக்கத்தையே நிரப்பிவிட்டன. ஜெயங்கொண்டம் பக்கத்துப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இந்த ஊரைப் பற்றி யார் கேட்டாலும் சந்தோஷம்தான். சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறோம். கங்கைகொண்ட சோழபுரமும் அதே மாதிரிதான், அளவில்தான் சின்னது என்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டுமா டீச்சர்? (வாசகி, பொள்ளாச்சி)

கட்டாயம் போங்கள். கும்பகோணத்திலிருந்து திருப்பனந்தாள், அணைக்கரை வழியாக சுமார் 35 கிலோமீட்டர்தான். தஞ்சை விமானம் (கருவறைக்கு மேலே எழும்பும் கோபுரம்) 13 நிலை, அதாவது 13 அடுக்கு, சுமார் 66 மீட்டர். இங்கே 9 நிலை, சுமார் 55 மீட்டர். உயரத்தை மட்டும் பார்த்துச் சின்னது என்று சொல்லிவிடுகிறார்கள். தஞ்சையில் விமானத்தின் கோடு நேராக மேலே போகும். இங்கே அது உள்வாங்கி, வளைந்து, அதன்பிறகு எழும்பும். தென்மேற்கு மூலைப் புல்வெளியில் நின்று பாருங்கள், இது வேறு கை, வேறு மனசு என்று புரிந்துவிடும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வாசலில் வண்டியை நிறுத்தி, சாமி கும்பிட்டு, விமானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். கங்கைக்கரை வரை படை போய் வந்த வெற்றிக்காக முதலாம் ராஜேந்திரன் அமைத்த ஊர் இது. 1279-இல் சோழர் ஆட்சி முடியும் வரை சுமார் 250 ஆண்டுகள் இதுதான் தலைநகரம். கோயில் அதில் ஒரு பகுதி. அரண்மனை இருந்த மாளிகைமேட்டையும் ஏரியையும் பார்க்காமல் வந்தால் தலைநகரத்தைப் பார்த்ததாகாது.

கேள்வி: டீச்சர், ராஜேந்திர சோழன் அரண்மனை எங்கே? கோயில் மட்டும் இருக்கிறது, அரண்மனையை ஏன் காணோம்? (7-ஆம் வகுப்பு மாணவன், அரியலூர்)

நல்ல கேள்வி கேட்டாய் தம்பி. கோயிலுக்குத் தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டரில் மாளிகைமேடு இருக்கிறது. அங்கேதான் அரண்மனை இருந்தது. 'சோழகேரளன் திருமாளிகை' என்று ஒரு அரண்மனையின் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களில் அங்கே தோண்டியது. 2021-லிருந்து மறுபடியும் தோண்டியது. இப்போது நீ போனால் குழிக்குள் செங்கல் சுவர்களின் அடிப்பகுதியைப் பார்க்கலாம். அப்பாவிடம் சொல்லி ஓரமாக உட்கார்ந்து நிதானமாகப் பார். செங்கல்லை எப்படி மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள், சுவர் எவ்வளவு அகலம், எந்த இடத்தில் திரும்புகிறது என்று கவனி. அகலத்தை வைத்தே மேலே எவ்வளவு பாரம் இருந்திருக்கும் என்று யோசிக்கலாம்.

அங்கே கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் கிடைத்திருக்கின்றன. ஆணி எதற்கு? மரத்தில் அடிக்க. ஆக, மரச்சட்டம் போட்டு ஓடு வேய்ந்த கட்டடம். நீ கேட்டதற்குப் பதிலும் அதிலேயே இருக்கிறது. சாமிக்குக் கல்லில் கட்டினார்கள், ராஜா குடியிருக்கச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டினார்கள். மரம் மக்கிப்போகும், எரிந்துபோகும். செங்கல்லை வீடு கட்ட ஆளாளுக்கு எடுத்துப்போவார்கள். கல் கோயில் நின்றுவிட்டது. சீனத்துப் பீங்கான் துண்டுகளும் அங்கே கிடைத்தன. கடல் கடந்து கடாரத்துக்கு (இன்றைய மலேசியாவின் கெடா) கப்பல் அனுப்பிய ராஜா வீட்டில் சீனத்துப் பாத்திரம் புழங்கியதில் ஆச்சரியமில்லை, ஆனாலும் அந்தத் துண்டைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

சுற்றிலும் உட்கோட்டை, ஆயுதக்களம், சுண்ணாம்புக்குழி, மெய்க்காவல்புத்தூர் என்று ஊர்கள் இருக்கின்றன. பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போ, கோட்டை, ஆயுதம், காவல் என்று பழைய தலைநகரம் அந்தப் பெயர்களிலேயே தெரியும்.

கேள்வி: கோயிலில் தவறவிடக் கூடாத ஒரு சிற்பம் என்றால் எதைச் சொல்வீர்கள்? (வாசகர், திருநெல்வேலி)

சண்டேச அனுக்கிரக மூர்த்தி. வடக்குப் பக்கத்துப் படிக்கட்டருகே சுவரில் இருக்கிறது. சிவனும் பார்வதியும் மேலே அமர்ந்திருக்க, கீழே சண்டேசர் கை கூப்பி உட்கார்ந்திருக்கிறார். சிவன் ஒரு பூமாலையை அவர் தலையில் சுற்றிக் கட்டுகிறார்.

கதை பெரியபுராணத்தில் வருவது. சேய்ஞலூர்ப் பிள்ளை விசாரசருமர் மாடு மேய்க்கப் போன இடத்தில் மணலால் லிங்கம் செய்து பால் அபிஷேகம் செய்கிறார். பாலை வீணாக்குகிறான் என்று அப்பா எச்சதத்தன் பால் குடத்தைக் காலால் உதைக்கிறார். பிள்ளை கையில் எடுத்த கோல் மழுவாகி (கோடரியாகி) அந்தக் காலை வெட்டுகிறது. "இனி உனக்கு நானே தந்தை" என்று சிவன் ஏற்றுக்கொண்டு, அவரைச் சண்டேசர் ஆக்குகிறார். சேய்ஞலூர் வேறெங்கோ இல்லை, நீங்கள் கும்பகோணத்திலிருந்து வரும் வழியில் திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில்தான்.

சிவனுடைய விரல்களைப் பாருங்கள். மாலையை எடுத்துப் போடவில்லை. சுற்றுகிறார், ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்குக் கை போகிறது. அந்தப் பாதி வேலையைக் கல்லில் பிடித்திருக்கிறார்கள். சண்டேசரின் தலை லேசாகக் குனிந்திருக்கிறது, அப்பா தலை துவட்டிவிடும்போது பிள்ளை குனிந்து கொடுக்கிற மாதிரி. ராஜேந்திரனுக்கே சிவன் முடிசூட்டுவதாக இதைப் பார்க்கிற அறிஞர்கள் உண்டு. இருக்கலாம். எனக்கு அந்தக் குனிந்த தலையே போதும். எதிர்ப்புறம் ஞான சரஸ்வதி இருக்கிறாள், அவளையும் விட்டுவிடாதீர்கள். உள்ளே நவக்கிரகங்கள் ஒரே கல்லில், நடுவில் தாமரையாகச் சூரியன். அதற்கும் கொஞ்சம் நேரம் வையுங்கள்.

கேள்வி: விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது உண்மையா? (வாசகர், ஓசூர்)

இல்லை. தஞ்சையிலும் விழும், இங்கேயும் விழும். காலையிலோ மாலையிலோ போனால் நீங்களே அந்த நிழலில் உட்காரலாம். இல்லாத அதிசயத்தைச் சொல்லித்தான் இந்தக் கோயிலைப் பெருமைப்படுத்த வேண்டும் என்பதில்லை.

கேள்வி: சிங்க முகக் கிணற்றில் ராஜேந்திரன் கங்கை நீரை ஊற்றினான் என்று வழிகாட்டி சொன்னார். சிங்கமும் அந்தக் காலத்ததா? (வாசகி, மயிலாடுதுறை)

கிணற்றைப் பற்றி ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சிங்கம் ரொம்பப் பிந்தியது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து, உடையார்பாளையம் ஜமீன் 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது. குழந்தைகளுக்குப் பிடிக்கும், காட்டுங்கள்.

கேள்வி: கோயில் மதிலை வெள்ளைக்காரர்கள் வெடிவைத்து உடைத்தார்கள் என்று தாத்தா சொல்வார். நிஜமா? (வாசகர், விருத்தாசலம்)

வெடிவைத்தார்களா என்று எனக்குத் தெரியாது, மதிலை உடைத்ததற்கு எழுத்து ஆதாரம் இருக்கிறது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டும்போது கல் தேவைப்பட்டது. இந்தக் கோயிலின் சுற்று மதிலிலிருந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஊர் மக்கள் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அவர்களுக்குச் சமாதானம் சொன்னதை 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். கிழக்கு வாசலில் மொட்டையாக நிற்கிற கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அந்தக் கீழணையிலிருந்துதான் வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. வீராணத்திலிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிறது. அணை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அந்தத் தண்ணீரில் எத்தனையோ குடும்பம் பிழைக்கிறது. கல்லுக்கு வேறு இடம் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் ஆற்றாமை. கீழணை இருக்கிற இடம்தான் அணைக்கரை. அடுத்த முறை அதைத் தாண்டும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: சோழகங்கம் ஏரி இப்போது இருக்கிறதா? முழங்கால் வலி உள்ள அம்மாவையும் கூட்டிக்கொண்டு எப்போது வரலாம்? (வாசகி, சென்னை)

இருக்கிறது. இன்றைய பெயர் பொன்னேரி. கங்கை நீரைக் கொண்டுவந்து சேர்த்த ராஜேந்திரன் இந்த ஏரியைத் தண்ணீராலான வெற்றித்தூணாக வைத்தான் என்று அவன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. எல்லா ராஜாவும் கல்லில் வெற்றித்தூண் நட்டபோது இவன் ஏரி வெட்டியிருக்கிறான்! இந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவன்மேல் தனி மரியாதை. மழைக்குப் பிறகு, கார்த்திகை மார்கழியில் வந்தால் தண்ணீரைப் பார்க்கலாம். கோடையில் பெரும்பகுதி வெறும் தரைதான். கரைமேல் கொஞ்ச தூரம் நடந்தால்தான் அதன் நீளம் பிடிபடும்.

அம்மாவுக்குக் கருவறைக்குப் போகிற படிகள் சிரமமாக இருக்கும், கையைப் பிடித்து மெதுவாக ஏற்றுங்கள். ஏற முடியாவிட்டாலும் வெளிச்சுவர்ச் சிற்பங்களைச் சுற்றிவந்தே பார்க்கலாம். காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கல்தரையில் கால் வைக்க முடியாது. மதியம் நடை சாத்தியிருக்கும். அந்த நேரத்தில் மாளிகைமேடு போகலாம் என்று நினைக்காதீர்கள், அங்கே நிழல் குறைவு. காலையிலேயே இரண்டையும் முடித்துவிடுங்கள், ஏரியை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி வடித்து, சுமார் 13 அடி லிங்கத்துக்குச் சாத்துவார்கள். அன்றைக்குக் கூட்டம் தாங்காது. சாமியைப் பார்க்க அன்று வாருங்கள், சிற்பம் பார்க்க வேறொரு நாள் வாருங்கள்.