கொலன்னாவைச் சதுப்பும் செவ்வாய்க் கிரகமும்

கேள்வி: சதுப்பு நிலம், காடு, ஆறு என்று இதழுக்கு இதழ் எழுதுகிறீர்கள். மனிதன் செவ்வாயில் குடியேறத் திட்டம் போடும் காலம் இது. விஞ்ஞானம் இயற்கையை வென்றுவிட்டது. என் மைத்துனர் கொலன்னாவைப் பக்கம் ஒரு காணி பார்த்திருக்கிறார். நுளம்பும் பாம்பும் கிடந்த சதுப்பை மண் போட்டு நிரப்பித் துண்டு பிரித்து விற்கிறார்கள். நாலு குடும்பம் வீடு கட்டி வாழ்வதில் என்ன பிழை? விஞ்ஞானத்தை மதிக்கிற பத்திரிகை இதை எதிர்க்கலாமா?
— வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: விஞ்ஞானத்தை மதிப்பதால்தான் எதிர்க்கிறோம்.

நுளம்பிலிருந்தே தொடங்குகிறேன். கொழும்பில் ஆட்களைக் கொல்வது டெங்கு நுளம்பு. அதற்குச் சதுப்பு தேவையில்லை. தெளிந்த தண்ணீர் கொஞ்சம் தேங்கினால் போதும். சிரட்டை, பழைய டயர், பூச்சாடித் தட்டு, இலை அடைத்த கூரைப் பீலி, கட்டி முடிக்காத மாடியில் தேங்கிய மழைத் தண்ணீர் என்று அது வளரும் இடமெல்லாம் நாம் கட்டியும் எறிந்தும் வைத்தவை. 2017இல் நாட்டில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குக்கு ஆளானார்கள், 400 பேருக்கு மேல் இறந்தார்கள். நோயாளர் மிக அதிகமாக இருந்தது வீடுகள் நெருங்கிய இந்த மேல் மாகாணத்தில். சதுப்பிலும் நுளம்பு உண்டு, அது வேறு வகை. அங்கே அதன் குடம்பிகளைத் தின்ன மீன் குஞ்சுகளும் தும்பியின் குடம்பிகளும் காத்திருக்கின்றன. உங்கள் வீட்டுப் பீலிக்குள் அவை எதுவும் இல்லை.

இனிக் காணி. ஒரு நாள் மைத்துனரோடு போய், இன்னும் நிரப்பாத பக்கத்தில் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் பாருங்கள். கறுப்பாக, நார் நாராக இருக்கும். பிழிந்தால் தண்ணீர் ஒழுகும். கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். ஊத்தையால் வரும் நாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒட்சிசன் இல்லாத சேற்றில் வாழும் பக்டீரியாக்கள் வெளிவிடும் ஐதரசன் சல்பைட்டு அது. ஒட்சிசன் இல்லாத காரணத்தால் புல்லும் கோரையும் முழுதாக உக்கிப் போகாமல், நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கடுக்காகப் படிகின்றன. பொறியியலாளர்கள் இதை பீட் மண் என்பார்கள். இதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர். மேலே லொறி லொறியாகச் செம்மண்ணைக் கொட்டினால் அந்தத் தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேறும், நிலம் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும். முதலில் சுவரில் மூலைவாட்டாக ஒரு வெடிப்பு வரும். பிறகு வாசற்படி ஒரு பக்கம் தாழும், மழைக்காலத்தில் மலசலகூடக் குழி நிரம்பி மேலே வரும். வங்கிக் கடனைக் கட்டி முடிக்க முன்பே வீட்டைத் திருத்தக் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

இதாவது வாங்கியவரின் நட்டம். இதைவிடப் பெரிய நட்டம் வாங்காதவருக்கு. கொழும்பு தட்டையான நகரம். பெரும் மழை பெய்தால், வாய்க்கால்கள் கடலுக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும் வரை தண்ணீர் தங்கி நிற்க ஓர் இடம் வேண்டும். கொலன்னாவையிலும் தலங்கமையிலும் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையைச் சுற்றியும் எஞ்சியிருக்கும் சதுப்புகள்தான் அந்த இடம். 2010 நவம்பரில் பெய்த ஒரு மழை நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளத்தைக் கொண்டு வந்தது. 2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோது கொலன்னாவை மூழ்கியது. 2025 நவம்பரில், டித்வா புயலோடு, மறுபடியும் மூழ்கியது. உங்கள் மைத்துனரின் காணியை உயர்த்திவிட்டால் அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் மறைந்து போகாது. பக்கத்து ஒழுங்கையில், மண் போட வசதியில்லாதவரின் வீட்டுக்குள் போய் நிற்கும். நாலு குடும்பம் வாழ்வதில் என்ன பிழை என்று கேட்டீர்கள். அந்த ஐந்தாவது குடும்பத்தைக் கணக்கில் சேர்க்காததுதான் பிழை.

சதுப்பைப் பாழ் நிலம் என்று பார்த்ததன் கூலியை நாம் ஏற்கெனவே ஒரு தடவை கொடுத்திருக்கிறோம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் புதைந்து போனார்கள். அதுவும் கொலன்னாவைதான். அதே தாழ்ந்த, நொய்ந்த நிலம்தான். அதற்கு அடுத்த வருடமே, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சார் சாசனத்தின் கீழ் உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்களாக ஏற்கப்பட்ட 18 நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு தெரிவானது. நகருக்குள் மீன்பிடிப் பூனை வாழும் தலைநகரம் உலகில் எத்தனை இருக்கும்? நமக்கு அது இருக்கிறது.

விஞ்ஞானம் இயற்கையை வென்றுவிட்டது என்கிறீர்கள். இந்த நாட்டின் வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நம்மவர்களின் வியர்வையும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுக் காடுகளை வெட்டி எரித்து, கண்ணுக்கு எட்டிய தூரம் கோப்பி ஒன்றையே நட்டார்கள். அந்தக் காட்டை வெட்டவும் கோப்பி பறிக்கவும் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, கால்நடையாக மலையேறி வந்தவர்கள் நம் மலையக மக்களின் முன்னோர். 1869இல் இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி தெரிந்தது. தட்டினால் தூசியாகப் பறந்தது. ஒரு பூஞ்சணத்தின் வித்திகள் அவை. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை இங்கே அனுப்பினார்கள். அவர் இலை இலையாக ஆராய்ந்து, காற்று வித்தியைக் கொண்டு போகிறது, இடையில் மரமே இல்லாமல் மலை மலையாக ஒரே பயிரை நெருக்கி நட்டிருப்பதால் தடுக்க எதுவும் இல்லை என்று காட்டினார். தோட்டத் துரைமார் கேட்டது ஒரு மருந்து. அவரிடம் அப்படி ஒரு மருந்து இருக்கவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரம் முடிந்து போய், அதே மலைகளில் தேயிலை ஏறியது. வேலையும் கூலியும் இழந்து நின்ற தொழிலாளர் குடும்பங்களை யார் கணக்கெடுத்தார்கள்?

வார்ட் செய்ததுதான் விஞ்ஞானம். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் ஒரு நாட்டின் வருமானத்தை எந்த வழியால் தின்கிறது என்று அது கண்டுபிடித்துச் சொன்னது. நாம் எதையெல்லாம் சார்ந்து நிற்கிறோம் என்று இவ்வளவு துல்லியமாக வேறு யாரும் நமக்குச் சொன்னதில்லை.

செவ்வாய் பற்றியும் கேட்டீர்கள். அங்கே காற்றழுத்தம் பூமியின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கிற காற்றிலும் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு. மூடிய கூடத்துக்குள்தான் வாழ வேண்டும். அப்படி ஒரு கூடத்தைப் பூமியிலேயே கட்டிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் பயோஸ்பியர் 2. மூன்று ஏக்கருக்கு மேல் கண்ணாடிக் கூரை, உள்ளே சிறு காடு, வயல், ஒரு குட்டிக் கடல். 1991 செப்டெம்பரில் எட்டுப் பேர் உள்ளே போனார்கள். பதினாறு மாதங்களில் 21 சதவீதத்துக்குக் கிட்ட இருந்த ஒட்சிசன் 14 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. வளமான மண்ணில் பெருகிய நுண்ணுயிர்கள் ஒட்சிசனை எடுத்துக்கொண்டு காபனீரொட்சைட்டை விட்டன. அதில் ஒரு பகுதியைக் கட்டடத்தின் கொங்கிறீற்றே உறிஞ்சிவிட்டதால் செடிகளால் அதை ஒட்சிசனாகத் திருப்பித் தர முடியவில்லை. மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் அழிந்தன, எறும்பும் கரப்பானும் பெருகின. கடைசியில் வெளியிலிருந்து ஒட்சிசன் ஏற்ற வேண்டி வந்தது. பணத்துக்கோ அறிவுக்கோ அங்கே குறைவில்லை. எட்டுப் பேர் மூச்சுவிட என்னென்ன உயிர்கள் என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்ற கணக்குத்தான் போதவில்லை. அந்தப் பரிசோதனையைத் தோல்வி என்று பலர் எழுதினார்கள். நான் அதைப் பெரிய கண்டுபிடிப்பு என்பேன். கொழும்பில் நீங்களும் நானும் காசு கொடுக்காமல் மூச்சுவிடுகிறோமே, அது எவ்வளவு கடினமான வேலை என்று அதுதான் காட்டியது.

இயற்கையின் பெயரைச் சொல்லிக்கொண்டு விஞ்ஞானத்தைத் தள்ளிவைப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்தார்கள். மண்ணுக்கு நல்லது என்றார்கள். எந்தப் பயிருக்கு எவ்வளவு நைதரசன் தேவை, அதைச் சேதனப் பசளையில் கொடுக்க எத்தனை வருடம் மண்ணைத் தயார் செய்ய வேண்டும் என்று விவசாய விஞ்ஞானிகள் சொன்னதைக் கேட்கவில்லை. நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. நெல் விளைச்சல் விழுந்தது, அரிசி இறக்குமதி செய்தோம். பயிருக்கு என்ன வேண்டும் என்று பயிரைப் படித்தவரிடம் கேட்காமல் மண்ணை நேசிக்க முடியாது. சதுப்புக்கு என்ன வேலை என்று நீரியல் படித்தவரிடம் கேட்காமல் நகரத்தை வளர்க்கவும் முடியாது.

வீடு வேண்டும் என்ற உங்கள் மைத்துனரின் ஆசை நியாயமானது. கொழும்பில் வாடகை கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்களின் பாடு எனக்குத் தெரியும். அவரிடம் இதைச் சொல்லுங்கள். முற்பணம் கொடுக்க முன், நிரப்புவதற்கு இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் தந்த எழுத்துமூல அனுமதியை விற்பவரிடம் கேட்கட்டும். "எல்லாம் சரி, பிறகு எடுத்துத் தருகிறோம்" என்றால் திரும்பி வந்துவிடட்டும். அனுமதி இருக்கிறது என்றாலும், 2016இலும் 2025இலும் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கட்டும். அந்த மக்கள் சுவரைத் தொட்டே காட்டுவார்கள். அதே காசுக்கு மேட்டு நிலத்தில் இரண்டு பேர்ச் குறைவாகக் கிடைத்தால் அதை வாங்கி மாடி கட்டட்டும். சதுப்பை நிரப்பும் இடத்தின் விவரத்தை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அனுமதியோடுதான் நடக்கிறதா என்று விசாரித்து, கிடைக்கும் பதிலை இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.